ஒரே பாத்திரத்தில் க்ரீம் சிக்கன் பாஸ்தா: தண்ணீர் எவ்வளவு, க்ரீம் எப்போது?

#1 பூண்டுப்பல்

பாஸ்தாவைத் தனியாக வேகவைத்து வடிக்காமல், சிக்கனோடு சேர்த்து ஒரே பாத்திரத்தில் முடிக்கிற க்ரீம் பாஸ்தாவுக்குத் தெளிவான அளவு வேண்டும். ஒரு செய்முறையில் 250 கிராமுக்கு 2 கப் தண்ணீர் என்று இருக்கிறது, இன்னொன்றில் 4 கப் பால். இரண்டும் சரியாக இருக்க வழியில்லை.

பாத்திரம் 28 செ.மீ. அடிகனமான ஸ்டீல் பேன், மூடி உண்டு. பென்னே (குழல் வடிவப் பாஸ்தா) 250 கிராம், எலும்பில்லாத சிக்கன் 400 கிராம், 25% கொழுப்புள்ள டெட்ரா பேக் க்ரீம் 200 மி.லி. மூன்று நான்கு பேருக்கு.

சிக்கல் இதுதான்: பென்னே நடுவில் வெள்ளைப் புள்ளியோடு நிற்கும்போதே குழம்பு கெட்டியாகி அடிப்பிடிக்கிறது. தண்ணீர் விட்டால் வெளிப்பக்கம் குழைகிறது. க்ரீம் ஊற்றிக் கொதி வந்ததும் ஓரத்தில் எண்ணெய் மிதக்கிறது. சிக்கனும் நார்நாராகப் போகிறது.

#2 கரண்டிக்காரர்

முதலில் தண்ணீர்க் கணக்கு. அது சரியானால் மீதிப் பிரச்சினையில் பாதி தானாகப் போய்விடும்.

வடிக்கிற முறையில் 100 கிராமுக்கு 1 லிட்டர் என்று தாராளமாக வைக்கிறோம். மிச்சம் சிங்க்கில் போவதால் அளவு பிசகினாலும் தெரியாது. இங்கே வடிப்பதே இல்லை. உப்புமாவுக்கு அளக்கிற மாதிரி அளந்துதான் ஊற்ற வேண்டும்.

250 கிராம் பென்னே வெந்து முடிக்கும்போது ஏறத்தாழ 550 முதல் 575 கிராம் இருக்கும். அதாவது அது குடிப்பது 300 மி.லி.க்குச் சற்று மேல். உங்கள் 28 செ.மீ. பேனில் பாதி மூடி போட்டு மிதமாகக் கொதிக்கவிட்டால் 12 நிமிடத்தில் 150 முதல் 200 மி.லி. ஆவியாகும். கடைசியில் சட்டியில் 150 மி.லி. மாவுச்சத்துத் தண்ணீர் நிற்க வேண்டும். அதில் க்ரீம் சேர்ந்தால்தான் குழம்பு. கூட்டினால் 650 மி.லி. அதுதான் தொடக்க அளவு. பக்கத்தில் இன்னொரு 150 மி.லி. கொதிநீர் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது அந்த இரண்டு செய்முறைகளையும் பாருங்கள். 2 கப் என்றால் 480 மி.லி.; பாஸ்தா குடித்ததும் ஆவியானதும் போக ஒன்றுமே மிஞ்சாது, அடிப்பிடிக்கும். 4 கப் என்றால் 960. பாஸ்தா வெந்த பிறகும் 450 மி.லி.க்கு மேல் தளதளவென்று நிற்கும். அதை வற்றவைப்பதற்குள் பாஸ்தா கூழாகிவிடும்.

ஆவியாகும் அளவு அடுப்புக்கு அடுப்பு மாறும். சந்தேகமிருந்தால் அதே பேனில், அதே தீயில், அதே மாதிரி மூடி போட்டு 700 மி.லி. வெறும் தண்ணீரை 12 நிமிடம் கொதிக்கவைத்து, மிச்சத்தை அளந்து பாருங்கள். குறைந்தது எவ்வளவோ அதுதான் உங்கள் அடுப்பின் கணக்கு. ஒருமுறை பார்த்துவிட்டால் போதும்.

நடுவில் வெள்ளைப் புள்ளி நிற்பதற்குக் காரணம் தண்ணீர் குறைவு என்பதைவிடத் தீ அதிகம் என்பதுதான். பாஸ்தா குடிக்கிற வேகம் அதிகம் மாறாது. தீயைக் கூட்டினால் ஆவியாகிற வேகம்தான் கூடும். தளதளவென்று கொதிக்க வேண்டாம். ஓரங்களிலும் நடுவிலும் சின்னச் சின்னக் குமிழ் விடாமல் வந்துகொண்டிருந்தால் போதும்.

#3 நொய்யல்

அளவு போடறதுக்கு முன்னாடி பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்க. சேர்மானத்துல டியூரம் கோதுமை ரவை மட்டும் இருக்குதா, இல்ல மைதாவோ சாதா ரவையோ கலந்திருக்குதான்னு. டியூரம்ல புரதம் அதிகம், அது மாவுச்சத்தைக் கட்டிப் பிடிச்சுக்கும். மைதா கலந்தது 7, 8 நிமிசத்துலயே வெந்து, ஒரு நிமிசம் தாண்டினா ஓரம் பிஞ்சு குழம்போட கரைஞ்சிரும். ஒரே பாத்திரத்துல அதுதான் பெரிய தொல்லை. கரைஞ்ச மாவு வெளியே போக வழியில்லைங்க, அப்படியே பசையாயிரும்.

மைதாப் பாஸ்தாதான் கையில இருக்குதுன்னா 550 மி.லி.யே போதும். 6-வது நிமிசத்துல இருந்து ஒண்ணை எடுத்துக் கடிச்சுப் பாத்துட்டே இருங்க.

#4 கரண்டிக்காரர்

நொய்யல் சொல்வது சரி. கீழே உள்ள அளவு பாக்கெட்டில் 10 முதல் 12 நிமிடம் என்று போட்டிருக்கும் டியூரம் பென்னேவுக்கு.

சிக்கனை 2.5 செ.மீ. துண்டுகளாக்கி, முக்கால் தேக்கரண்டி உப்பும் அரைத் தேக்கரண்டி மிளகுத்தூளும் பிசறி 20 நிமிடம் வையுங்கள். அடுப்பில் போடும் முன் டிஷ்யூவால் ஈரத்தை ஒற்றி எடுங்கள். பேனை மிதமான தீயில் காயவைத்து 1 மேசைக்கரண்டி எண்ணெய். துண்டுகளை ஒன்றையொன்று தொடாமல் பரப்பி, 2 நிமிடம் கிண்டாமல் விடுங்கள். ஸ்டீலில் முதலில் ஒட்டும். நிறம் பிடித்ததும் தானாக விடும். விடாததைச் சுரண்ட வேண்டாம், இன்னும் அரை நிமிடம் கொடுங்கள். மறுபக்கம் 1 நிமிடம். உள்ளே வேகாமல் இருக்கும், இருக்கட்டும். தட்டில் எடுத்து வையுங்கள்.

தீயைக் குறைத்து 1 மேசைக்கரண்டி வெண்ணெய், பொடியாக நறுக்கிய ஒரு நடுத்தர வெங்காயம், 4 நிமிடம். நறுக்கிய பூண்டு 8 பல் (நாட்டுப் பூண்டு), அரைத் தேக்கரண்டி மிளகாய்ச் செதில் (சில்லி ஃப்ளேக்ஸ்), அரைத் தேக்கரண்டி ஆரிகானோ, இன்னும் 1 நிமிடம். பூண்டு சிவந்தால் கசக்கும், வாசனை வந்ததும் அடுத்த வேலை. 650 மி.லி. சுடுதண்ணீரில் பாதியை ஊற்றி, அடியில் ஒட்டியிருக்கும் பழுப்பு நிறப் பத்தை மரக்கரண்டியால் சுரண்டிக் கரையுங்கள். ருசியில் பாதி அதில்தான். அது பழுப்பாக இல்லாமல் கருத்துப் போயிருந்தால் கரைக்கக் கூடாது. பேனைத் துடைத்துவிட்டு மேலே போங்கள்.

மீதித் தண்ணீர், பென்னே, அரைத் தேக்கரண்டி உப்பு. கொதி வந்ததும் முதல் 3 நிமிடம் விடாமல் கிளற வேண்டும். மேற்பரப்பு மாவு பசையாகி ஒன்றோடொன்று ஒட்டுவது அப்போதுதான். பிறகு பாதி மூடி, 2 நிமிடத்துக்கு ஒரு தடவை அடியோடு ஒரு புரட்டு. பாஸ்தா தண்ணீருக்கு மேலே தலைகாட்டும், கவலை வேண்டாம்.

7-வது நிமிடம் சிக்கனை அது விட்ட சாறோடு சேர்த்துத் திரும்பப் போடுங்கள். 10-வது நிமிடம் ஒரு பென்னேவை வெட்டிப் பாருங்கள். நடுவில் ஊசிமுனை அளவு வெள்ளை இருந்தால் அதுதான் சரியான கட்டம். தீயை சிம்மில் வைத்து 150 மி.லி. க்ரீம், 1 நிமிடம் கிளறல், அடுப்பை அணைத்துத் துருவிய சீஸ் 50 கிராம். கடைசியாக மிளகும் ஒரு தேக்கரண்டி எலுமிச்சைச் சாறும். 3 நிமிடம் மூடி வைத்தால் அந்த வெள்ளைப் புள்ளி போய்விடும்.

அணைக்கும்போது குழம்பு 'இன்னும் கொஞ்சம் கெட்டியாகலாமே' என்று தோன்றுகிற பதத்தில் இருக்க வேண்டும். தட்டில் விழுந்த பிறகும் பாஸ்தா குடித்துக்கொண்டே இருக்கும். அடுப்பிலேயே பதமாகத் தெரிந்தால் சாப்பிடும்போது களியாகத்தான் இருக்கும்.

#5 தாச்சி

க்ரீமைப் பற்றி ஒரு விசயம். கடையில 'க்ரீம்' எண்டு விக்கிறதெல்லாம் ஒண்டில்லை. கனடாவில பெட்டியிலேயே சதவீதம் போட்டிருக்கும்: ஹாஃப் அண்ட் ஹாஃப் 10, டேபிள் க்ரீம் 18, விப்பிங் க்ரீம் 35. 35% எண்டால் நல்லாக் கொதிச்சாலும் லேசில திரியாது. கொழுப்புக் கூட, புரதம் குறைய, திரியிறது புரதம்தானே. 10% ஐ அதே மாதிரிக் கொதிக்க விட்டு, மேல தேசிக்காய்ப்புளியும் (எலுமிச்சைச் சாறு) விட்டால் தாச்சிக்குள்ள (சட்டிக்குள்ள) பன்னீர்தான் மிஞ்சும்.

இங்க சனம் பாக்கிற வீடியோ எல்லாம் 35% ஐ வைச்சுச் செய்யிறது. அதைப் பாத்து இந்தியாவில 25% ஐ 5 நிமிசம் கொதிக்க விட்டால் பிரியத்தான் செய்யும். 25% ஐக் கடைசியில விட்டு, சூடு ஏறினதும் நிப்பாட்டுங்கோ. கொதி வரக்கூடாது.

கேக்குக்கு அடிக்கிற தாவர எண்ணெய் க்ரீம் இருக்கே, இனிப்புச் சேர்த்தது, அதை எடுத்துப் போடாதேங்கோ. பெட்டியில 'நான் டெய்ரி' எண்டு இருக்கும்.

#6 பூண்டுப்பல்

அருமை. அப்படியானால் தண்ணீருக்குப் பதில் பாலிலேயே பாஸ்தாவை வேகவைக்கச் சொல்லும் செய்முறைகள் எல்லாம் தவறா? க்ரீம் இல்லாத நாளில் என்ன செய்வது?

#7 நொய்யல்

தப்பில்லைங்க. பாதிப் பால், பாதித் தண்ணி வெச்சா நல்லாவே வரும். ஆவின்ல ஆரஞ்சுப் பாக்கெட் 6% கொழுப்பு, பச்சை 4.5%, நீலம் 3%. ஆரஞ்சு வாங்குங்க. 350 தண்ணி, 350 பால். பால்ல வெந்தா அந்த ருசி பாஸ்தாவுக்குள்ளயே ஏறும், மேல ஊத்தற க்ரீம்ல அது வராது.

#8 மிளகுத்தூள்

இதில் நான் ஒத்துப்போகவில்லை. பால் 12 நிமிடம் மாவுச்சத்தோடு கொதித்தால் அடியில் புரதப் படலம் உட்காரும். மேலே எல்லாம் நன்றாகத் தெரியும், அடியில் தீய்ந்திருக்கும். அந்த வாடை முழுப் பாத்திரத்துக்கும் ஏறும். பொங்குவது வேறு. தண்ணீரில் வேகவைத்து, பாலைக் கடைசி 3 நிமிடத்தில் சேர்த்தாலும் அதே ருசிதான். தண்ணீர் 550, பாஸ்தா முக்கால் வெந்ததும் காய்ச்சிய சூடான பால் 250 மி.லி., அதில் 50 மி.லி.யை ஆறவைத்து 2 தேக்கரண்டி சோளமாவு கரைத்தது. சோளமாவு இருந்தால் பால் திரிவதும் குறையும். மாவுத் துகள்கள் புரதம் ஒன்றோடொன்று கட்டிக்கொள்ளாமல் தடுக்கும்.

#9 நொய்யல்

அடிகனமான பாத்திரத்துல சிம்ல வெச்சு 2 நிமிசத்துக்கு ஒருக்கா கிளறுனா படலம் உக்காராதுங்க. கிளறச் சோம்பேறித்தனம்னா உங்க வழி.

#10 மிளகுத்தூள்

சிக்கன் வறுத்த பத்து அடியில் இருக்கிற பேன் அது. பால் உட்கார அதைவிட நல்ல இடம் கிடையாது. முழுதாகச் சுரண்டிக் கரைத்த பிறகு என்றால் சரி, நீங்கள் சொல்வது நடக்கும். டெஃப்லான் பேனில் இன்னும் எளிது. புதிதாகச் செய்பவருக்கு நான் சொல்ல மாட்டேன்.

வெங்காயத்தோடு மைதா தூவி வறுத்துவிட்டு அதில் தண்ணீர் ஊற்றி பாஸ்தா போடச் சொல்லும் முறையும் உண்டு. அதுவும் இதே கதைதான்: தொடக்கத்திலேயே தண்ணீர் கெட்டியாகிவிடும், பாஸ்தா மெதுவாக வேகும், அடி பிடிக்கும். கெட்டி ஆக்குகிற எதுவும் கடைசியில்.

வீட்டில் எடுத்த பாலாடை இருந்தால் அரைக் கப் ஆடைக்கு கால் கப் பால் விட்டு முள்கரண்டியால் அடித்துச் சேர்க்கலாம். மிக்ஸியில் ஓடவிட்டால் வெண்ணெய் திரண்டுவிடும். தயிர் வேண்டவே வேண்டாம்.

#11 தாச்சி

பால் ஒத்துக்கொள்ளாத ஆக்களுக்குத் தேங்காய்ப்பால். முதற்பால் 150 மி.லி., அதே மாதிரிக் கடைசியில, கொதிக்க விடாமல். ஆரிகானோவை விட்டிட்டு மிளகும் கறிவேப்பிலையும் போடுங்கோ, ருசி அதோடதான் சேரும். சீஸைப் போடாதேங்கோ.

#12 பூண்டுப்பல்

சிக்கன் நார்நாராகப் போவதற்கு வருவோம். நெஞ்சுக்கறிதான் இங்கே போன்லெஸ் என்று கிடைக்கிறது.

#13 கரண்டிக்காரர்

கறிக்கடையில் 'லெக் போன்லெஸ்' என்று கேட்டால் தொடையை எலும்பெடுத்துத் தருவார்கள். சில கடைகளில் முன்கூட்டியே சொல்ல வேண்டியிருக்கும். இந்தச் சமையலுக்குத் தொடைதான் பொருத்தம். உள்சூடு 74 டிகிரி செல்சியஸ் தொட்டால் கோழி எதுவும் சாப்பிடப் பாதுகாப்பானது. நெஞ்சு அதைத் தாண்டியதும் சாறு விட்டு வறண்டுவிடும். தொடையில் கொழுப்பும் இணைப்புத் திசுவும் அதிகம், 80 டிகிரியிலும் மிருதுவாகத்தான் இருக்கும். குமிழ் விட்டுக்கொண்டிருக்கிற குழம்பில் கிடக்கிற துண்டுக்கு அந்த இடைவெளி தேவை.

நெஞ்சுக்கறிதான் என்றால் மூன்று மாற்றம். துண்டு போடாமல், தடித்த பகுதியைக் குறுக்கே பிளந்து ஒன்றரை செ.மீ. தடிமனுள்ள இரண்டு தகடாக்குங்கள். பக்கத்துக்கு 2 நிமிடம் சிவக்கவைத்து எடுத்து வைத்துவிடுங்கள். க்ரீம் ஊற்றுவதற்கு 3 நிமிடம் முன்பு, நாருக்குக் குறுக்காகக் கீற்றுப் போட்டுச் சேருங்கள். நாரின் போக்கிலேயே வெட்டினால் எவ்வளவு பதமாக வெந்திருந்தாலும் வாயில் நாராகத்தான் தெரியும். முன்பே 20 நிமிட உப்பும் நெஞ்சுக்கறிக்கு அவசியம். சாறு வெளியேறுவதை அது குறைக்கும்.

அரைவேக்காட்டுச் சிக்கன் வைத்த தட்டில் வெந்ததைப் பரிமாறாதீர்கள். குழாயடியில் கோழியைக் கழுவுவதும் வேண்டாம். தெறிக்கிற தண்ணீர் சிங்க்கைச் சுற்றிக் கிருமியைப் பரப்புவதுதான் மிச்சம். ஒற்றி எடுத்தால் போதும்.

#14 அரைவேக்காடு

எலும்போடு போட்டால் ருசி கூடும் இல்லையா?

#15 கரண்டிக்காரர்

கூடும், ஆனால் நேரம் ஒத்துவராது. எலும்புத் துண்டு வேக 25 நிமிடமாவது வேண்டும், பென்னேவுக்குப் 11. சிவக்கவைத்த எலும்புத் துண்டுகளை 500 மி.லி. தண்ணீரில் மூடி போட்டு 15 நிமிடம் வேகவைத்துவிட்டு, அந்தச் சாற்றை அளந்து, 650-க்குக் குறைவதைத் தண்ணீரால் நிரப்பிப் பாஸ்தாவைப் போடுங்கள். அளக்காமல் போட்டால் முதல் பிரச்சினைக்கே திரும்பிவிடுவீர்கள்.

#16 பூண்டுப்பல்

இஞ்சி பூண்டு விழுது சேர்க்கலாமா? வீட்டில் பெரியவர்களுக்கு இஞ்சி இல்லாத சிக்கன் கவுச்சி அடிக்கிறது.

#17 மிளகுத்தூள்

சேர்க்கலாம், பச்சை வாசனை முழுதாகப் போக வேண்டும். இஞ்சியில் ஸிங்கிபெய்ன் என்ற நொதி இருக்கிறது; பால் புரதத்தைத் திரிக்கக்கூடியது. தெற்குச் சீனாவில் வெறும் இஞ்சிச் சாற்றையும் பாலையும் வைத்து அல்வா மாதிரி உறையவைக்கிற இனிப்பே உண்டு. நன்றாக வதக்கினால் அந்த நொதி செயலிழக்கும். ஒரு தேக்கரண்டி விழுதை வெங்காயத்தோடு 2 நிமிடம் வதக்குங்கள், பூண்டைப் பாதியாகக் குறையுங்கள். க்ரீம் ஊற்றிய பிறகு மேலே பச்சை இஞ்சி துருவுவது மட்டும் கூடாது.

கரம் மசாலா வேண்டாம் என்பது என் கட்சி. பட்டை கிராம்பு வந்தால் க்ரீமும் சீஸும் எங்கே என்று தேட வேண்டும்.

#18 நொய்யல்

உப்பைப் பத்தி யாருமே சரியாப் பேசலைங்க. வடிக்கற பாஸ்தாவுல தண்ணியோட உப்பும் போயிரும். இதுல ஒரு கல்லு கூடப் போகாது. மேக்கொண்டு தண்ணி வத்தறப்ப உப்பு ஏறிட்டே போகும். கரண்டிக்காரர் சொன்ன அளவுல சிக்கனுக்கு முக்கால், பாஸ்தாவுக்கு அரை, ஆக ஒண்ணேகால் தேக்கரண்டி. அதுக்கு மேல சீஸ்ல இருக்கற உப்பு. ஸ்டாக் க்யூப் போடறவங்க அந்த அரைத் தேக்கரண்டியை முழுசா விட்டுருங்க. க்யூப்ல பெரும்பங்கு உப்புதான். சீஸ் போட்டு ருசி பாத்துட்டு அப்புறம் சேத்துக்கலாம், தூக்கிப்போட முடியாதுங்க.

#19 பூண்டுப்பல்

க்ரீம் பிரிந்துவிட்டால் காப்பாற்ற வழி உண்டா?

#20 மிளகுத்தூள்

இரண்டு வேறு விபத்தை ஒரே பெயரில் சொல்கிறோம். கரண்டியில் கொஞ்சம் எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள்.

ஓரத்தில் மஞ்சளாக எண்ணெய் பளபளத்து, மீதி வழவழப்பாகவே இருந்தால் கொழுப்பு மட்டும் பிரிந்திருக்கிறது. தண்ணீர் அதிகமாக வற்றியதால் கொழுப்பைத் தாங்க இடமில்லாமல் போனது. முதல் பதிவில் சொன்னது இதுதான். அடுப்பை அணைத்து, 2 மேசைக்கரண்டி வெந்நீர் விட்டு வேகமாகக் கிளறினால் அரை நிமிடத்தில் சேர்ந்துவிடும். பாஸ்தாவிலிருந்து வந்த மாவுச்சத்து அதற்குத் துணை. சேரவில்லையென்றால் இன்னும் 2 மேசைக்கரண்டி.

நெய்க்கசடு மாதிரி, உதிர்த்த பன்னீர் மாதிரி வெள்ளைத் துகள் தெரிந்தால் புரதம் திரிந்துவிட்டது. புளிப்பும் சூடும் சேர்ந்து செய்த வேலை. அது திரும்பாது. ஒரு சீஸ் க்யூபைத் துருவிப் போட்டுக் கிளறினால் ஓரளவு மறையும், அவ்வளவுதான். இதைத் தவிர்க்க, தக்காளி சேர்ப்பவர்கள் தக்காளியை வெங்காயத்தோடு 6, 7 நிமிடம் எண்ணெய் விட வதக்க வேண்டும். 2 தக்காளிக்கு ஒரு சிட்டிகை சமையல் சோடா போட்டால் புளிப்பு தணியும். சிட்டிகைக்கு மேல் போனால் சோப்பு வாடை வரும். எலுமிச்சை எப்போதும் அடுப்பை அணைத்த பிறகு.

#21 அரைவேக்காடு

பீட்சா சீஸ் போட்டால் ரப்பர் மாதிரி கரண்டியோடு வருகிறது. அதற்கும் மருந்து சொல்லுங்கள்.

#22 மிளகுத்தூள்

மொஸரெல்லா நூலாக இழுபடத்தான் செய்யப்பட்டது, குழம்பில் கரைவதற்கு இல்லை. சாதாரண பிராசஸ்டு க்யூப் இந்த வேலைக்கு அதைவிட மேல். அதில் சேர்க்கும் சிட்ரேட், பாஸ்பேட் உப்புகள் கொழுப்பையும் புரதத்தையும் பிரியவிடாமல் பிடித்துக்கொள்ளும். பார்மேசான் இருந்தால் பொடிப்பொடியாகத் துருவி, அடுப்பை அணைத்து ஒரு நிமிடம் கழித்துத் தூவுங்கள். கொதிக்கிற குழம்பில் விழுந்தால் உருண்டு கட்டியாகிவிடும். பன்னீர் எந்தச் சூட்டிலும் உருகாது; துண்டாகப் போடலாம், கரையும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

ஒன்று சொல்ல விட்டுவிட்டது. சிக்கனைப் பாஸ்தாவோடு சேர்ப்பது இத்தாலிய வழக்கமே இல்லை, இது அமெரிக்கச் சமையலறையில் வளர்ந்தது. ஆல்ஃபிரெடோ என்று இங்கே க்ரீமில் மிதக்கவிடுகிறார்களே, ரோமில் ஆல்ஃபிரெடோ டி லெலியோ பரிமாறிய ஃபெட்டுச்சினியில் க்ரீமே கிடையாது. வெண்ணெய், பார்மேசான், பாஸ்தாத் தண்ணீர், அவ்வளவுதான். வழவழப்பு வருவது அந்த மாவுத் தண்ணீரில் கொழுப்பு கலப்பதால். ஒரே பாத்திர முறையில் அந்தத் தண்ணீர் முழுதும் உள்ளேயே இருக்கிறது. ஆகவே 150 மி.லி. க்ரீம்கூட அதிகம் என்பேன், 100 போதும். 250 மி.லி. பெட்டி முழுவதையும் கவிழ்ப்பவர்களுக்குத்தான் திகட்டுகிறது.

#23 தாச்சி

100 காணாது. சிக்கனும் இருக்கே.

#24 நொய்யல்

அடுப்பையும் பாத்துக்கோங்க. 28 செ.மீ. பேனைச் சின்ன பர்னர்ல வெச்சா நடுவுல கொதிக்கும், ஓரத்துல இருக்கற பென்னே பச்சையாவே கிடக்கும். பெரிய பர்னர்ல தீயைக் குறைச்சு வைங்க. இண்டக்ஷன்லயும் காயில் சின்னதா இருந்தா இதேதான். அடிக்கடி ஓரத்துல இருக்கறதை நடுவுக்குத் தள்ளணும்.

நான்ஸ்டிக்ல செய்யலாம், பத்து உக்காராது, அதனால ருசி ஒரு படி குறையும். காலிப் பேனை முழுத் தீயில காயவிடாதீங்க. 260 டிகிரிக்கு மேல போனா அந்தப் பூச்சு சிதைய ஆரம்பிக்கும். இரும்புச் சட்டி சிக்கன் வறுக்க அருமை. தக்காளி, எலுமிச்சை சேர்ந்தா குழம்பு சாம்பல் நிறத்துக்குப் போயி இரும்பு வாடை அடிக்கும். அது ரெண்டும் இல்லாமச் செய்யறதுன்னா பரவால்லை.

#25 பூண்டுப்பல்

குக்கரில் ஒரு விசிலில் முடிப்பவர்கள் இருக்கிறார்களே? ஸ்பகெட்டியும் இதே அளவில் வருமா?

#26 கரண்டிக்காரர்

குக்கரில் ஆவி அதிகம் போகாது, ஆகவே தண்ணீர் குறைய வேண்டும்: 250 கிராமுக்கு 475 மி.லி. பாஸ்தா நுரைக்கும், நுரை விசில் துளையை அடைக்கும். 1 தேக்கரண்டி எண்ணெய் விடுங்கள், குக்கரில் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள். மிதமான தீயில் ஒரு விசில், உடனே இறக்கி ஆவியை வெளியேற்றித் திறக்க வேண்டும். தானாக அடங்கட்டும் என்று விட்டால் உள்ளே வெந்துகொண்டே இருக்கும். பால், க்ரீம், சீஸ் எதுவும் மூடிக்குள் போகக் கூடாது, திறந்த பிறகுதான். டியூரம் பாஸ்தாவுக்கு மட்டும் இது; மைதாப் பாஸ்தா பாயசமாகிவிடும். விசிலுக்கு விசில் பதம் மாறும் என்பதால் எனக்கு இதில் நம்பிக்கை குறைவு.

ஸ்பகெட்டியை இரண்டாக ஒடித்துப் போட்டால் பேனில் கிளற எளிது. இழைகள் ஒட்டுவது பென்னேவைவிட அதிகம், முதல் 4 நிமிடம் இடுக்கியால் பிரித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஃபுசில்லி இந்த முறைக்கு நல்ல வடிவம், முறுக்குகளில் குழம்பு தங்கும். சின்ன மக்ரோனி 7, 8 நிமிடத்தில் வெந்துவிடும். தண்ணீர் 550, சிக்கனை 4-வது நிமிடமே உள்ளே போட்டுவிடுங்கள். ஒரே பாக்கெட்டில் வேறு வேறு வடிவம் கலந்து விற்பதை வாங்காதீர்கள்.

கீரை சேர்ப்பதென்றால் பாலக் இரண்டு கைப்பிடி, க்ரீமுக்கு ஒரு நிமிடம் முன். குடைமிளகாய் 8-வது நிமிடம். காளான் தண்ணீர் விடும். சிக்கனுக்குப் பின் தனியாக வதக்கி ஈரம் சுண்டிய பிறகே வெங்காயம்.

#27 அரைவேக்காடு

காலையில் செய்து பிள்ளைகளுக்கு மதிய டப்பாவில் கொடுக்கலாமா?

#28 மிளகுத்தூள்

சாதாரண டப்பாவில் வேண்டாம். சமைத்த இறைச்சியும் பால் பொருளும் வெளியில் 2 மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. 32 டிகிரிக்கு மேல் வெயில் அடிக்கிற நாளில் 1 மணி நேரம். நம் ஊரில் பாதி வருடம் அந்தக் கணக்குதான். கொதிநீர் ஊற்றி 5 நிமிடம் சூடேற்றிய ஃப்ளாஸ்க் டப்பாவில், ஆவி பறக்கப் பறக்க நிரப்பி மூடினால், மதியம் வரை 60 டிகிரிக்கு மேல் நிற்கிற டப்பாவாக இருந்தால் கொடுக்கலாம். ஆனால் அந்தச் சூட்டில் பாஸ்தா வெந்துகொண்டே இருக்கும், கால் கப் குழம்பு கூடுதலாகவும் பாஸ்தா 2 நிமிடம் குறைவாகவும் வைக்க வேண்டும். அதற்குத் தக்காளி பாஸ்தா கொடுத்துவிடலாம்.

ஃபிரிட்ஜில் ஆழமில்லாத டப்பாவில் பரப்பி வைத்தால் 3 நாள். சூடேற்றும்போது ஒரு தட்டுக்கு 3 மேசைக்கரண்டி பால், சிம்மில், மூடி போட்டு. ஆவி பறக்கிற அளவுக்குச் சூடாக வேண்டும். மைக்ரோவேவில் முழுச் சக்தியில் 3 நிமிடம் ஓட்டினால் கொழுப்பு பிரிந்து நிற்கும். பாதிச் சக்தியில் வைத்து நிமிடத்துக்கு ஒருமுறை கிளறுங்கள். ஃபிரீசரில் வைக்காதீர்கள், உருகும்போது க்ரீம் பிரியும், பாஸ்தா மாவாகும்.

#29 பூண்டுப்பல்

கடைசிக் கேள்வி. எட்டுப் பேர் வந்தால் எல்லாவற்றையும் இரண்டால் பெருக்கினால் போதுமா?

#30 கரண்டிக்காரர்

தண்ணீரை மட்டும் பெருக்காதீர்கள். பாஸ்தா குடிப்பது இரண்டு மடங்காகும், 620 மி.லி. குழம்புக்கு நிற்க வேண்டியது 300. ஆவியாவது பாத்திரத்தின் வாயகலத்தைப் பொறுத்தது, பாஸ்தாவின் எடையைப் பொறுத்தது இல்லை. அதே அகலமான பாத்திரம் என்றால் அது 200-லேயே நிற்கும். ஆக 1,120 மி.லி.தான், 1,300 இல்லை. உப்பும் அதே காரணத்தால் இரண்டேகால் தேக்கரண்டியில் நிறுத்திக்கொண்டு கடைசியில் பாருங்கள்.

பாத்திரம் 5 லிட்டராவது கொள்ள வேண்டும், 28 செ.மீ. பேனில் 500 கிராம் கிளறவே முடியாது. 800 கிராம் சிக்கனை ஒரே தடவையில் கொட்டினால் சிவக்காது, தண்ணீர் விட்டு வேகும். மூன்று ஈடாக வறுத்து எடுங்கள். ஈட்டுக்கு ஈடு அடியில் இருக்கும் பத்து கருக்கத் தொடங்கினால் 3 மேசைக்கரண்டி தண்ணீர் விட்டுச் சுரண்டி அந்தச் சாற்றைச் சிக்கன் தட்டிலேயே ஊற்றிவிட்டு அடுத்த ஈடு போடுங்கள்.

750 கிராமுக்கு மேல் என்றால் இந்த முறையை விட்டுவிடுங்கள். கிளறக் கிளற அடியில் இருப்பது உடையும், மேலே இருப்பது வேகாது. அப்போது பாஸ்தாவைத் தனியாக வேகவைத்து வடித்து, இரண்டு கப் வடிநீரை எடுத்துவைத்துக்கொண்டு குழம்பில் புரட்டுவதுதான் வேலைக்கு ஆகும்.